‘ஓ.எஸ். போடணும்’ என்பதற்கு முன்: மென்பொருள் வகைகளும் அவற்றின் வேலைகளும்

குடியாத்தத்தில் ஜெராக்ஸ் கடையோடு டி.டி.பி. வேலையையும் சேர்த்துத் தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கணினி எப்போது மக்கர் செய்தாலும் பழுது பார்க்க வருபவர் “ஓ.எஸ். போடணும்”, அதாவது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறாராம். கடைக்கு வேண்டியவை என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் விண்டோஸ், ஆபீஸ், டிரைவர், ஆன்டிவைரஸ், டேலி, தமிழ் ஃபான்ட் என ஆறு பெயர்கள் இருக்கின்றன. எல்லாமே மென்பொருள் என்றால் இவற்றுக்குள் என்ன வேறுபாடு, எவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது கடைக்காரரின் கேள்வி. பிளஸ் ஒன் படிக்கும் மகளின் பாடநூலைப் புரட்டினால், மென்பொருள் இரண்டு வகைப்படும் என்பதோடு முடிந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

பாடநூல் சொல்வது சரிதான்; தேர்வில் மகள் அப்படியே எழுதட்டும். கணினியை இயங்க வைப்பது அமைப்பு மென்பொருள், மனிதரின் வேலையை முடித்துத் தருவது பயன்பாட்டு மென்பொருள். ஆனால் கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது இந்த இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. காட்பாடியில் கணினி வகுப்பு நடத்தியும், வேலூர்க் கடைகளில் பில் போடும் கணினிகளைப் பார்த்துக் கொடுத்தும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். எந்த மென்பொருளைக் கண்டாலும் ‘இது யாருக்கு வேலை செய்கிறது?’ என்று கேட்பதுதான் எனக்குக் கைகொடுத்த வழி. சில மென்பொருள்கள் மின்சுற்றுக்கு வேலை செய்கின்றன, சில மற்ற மென்பொருள்களுக்கு வேலை செய்கின்றன, மேலே இருக்கும் சில மட்டுமே நேராக நமக்கு வேலை செய்கின்றன. கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலான நேரங்களில் ஓ.எஸ். போட வேண்டிய அவசியமே வராது.

முதலில் மென்பொருள் என்பது என்ன என்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களை நான் ஆரணிக்குப் போகச் சொல்வதுண்டு. அங்கே பட்டுத் தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் சரமாகக் கோத்துத் தொங்கும். ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போய்ப் பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே கிடக்கும். அட்டைச் சரத்தை மாற்றினால் அதே தறியில், அதே நெசவாளர் கையில், மயில் பார்டர் போய் மாங்காய் பார்டர் வரும். தறி வன்பொருள், அட்டையில் உள்ள துளைகளின் ஒழுங்கு மென்பொருள். அட்டை என்பதுகூட வெறும் தாள்தான். துளை எங்கே இருக்கிறது என்ற செய்திதான் மென்பொருள். பிரெஞ்சுக்காரரான ஜக்கார்டு 1804-இல் செய்து முடித்த இந்த முறையைப் பார்த்துத்தான், இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் வடிவமைத்த கணிப்புப் பொறிக்கும் துளை அட்டைகளைக் கொடுக்க நினைத்தார். மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சாஃப்ட்வேர்’ என்ற பெயரைக் கணிதவியலாளர் ஜான் டுக்கி அச்சில் எழுதியது 1958-இல்தான். பொருள் அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தறியில் ஓடிக்கொண்டிருந்தது.

இனி உங்கள் கடைக் கணினியில் சுவிட்சைப் போடுங்கள். திரையில் விண்டோஸ் வருவதற்கு முன் சில நொடிகள் கறுப்பாக ஏதோ ஓடுகிறது அல்லது நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது. அப்போது வேலை செய்வது மதர்போர்டில் ஒரு சிறு சில்லுக்குள் தயாரிப்பாளரே எழுதி வைத்து அனுப்பிய மென்பொருள். நிலைப்பொருள் என்று இதற்குப் பெயர். கடைக்காரர்கள் பயாஸ் என்பார்கள், இப்போது வரும் கணினிகளில் அதன் இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. இருக்கிறது. நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, இயங்குதளம் எந்த வட்டில் இருக்கிறது என்று பார்த்துப் பொறுப்பை ஒப்படைப்பதே இதன் வேலை. மண்டித் தெருவில் அரிசி நிறுக்கும் மின்னணுத் தராசு, வீட்டில் உள்ள செட்டாப் பாக்ஸ், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்குள் இருப்பதும் இதே இனம்தான். இவற்றை வாங்கும்போது யாரும் மென்பொருள் வாங்குவதாக நினைப்பதில்லை.

இந்த அடுக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டப்பாளையத்தில் ஒரு கடையில் காலையில் கணினியைப் போட்டால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. எல்லாமே ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று மறுத்தன. இணைய நிறுவனத்துக்கு இரண்டு முறை போன் செய்தாகிவிட்டது. ஓ.எஸ். போடுவதற்கு ஆளும் வரச் சொல்லியாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது திரையின் வலது கீழ்மூலையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் பொத்தான் போன்ற ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனதால் கணினி தன் தேதியை மறந்துவிட்டது. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் காட்டும் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்ற வரம்பு உண்டு. கணினி பழைய தேதியில் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்ததும் வேலை முடிந்தது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டிருந்தாலும் மறுநாள் காலையில் அதே கதைதான் நடந்திருக்கும், ஏனென்றால் நோவு அதற்குக் கீழே இருந்தது.

அடுத்த அடுக்குதான் எல்லோரும் பேசும் ஓ.எஸ். பாடநூல் இயக்க அமைப்பு என்கிறது, நாளிதழ்கள் இயங்குதளம் என்கின்றன. இதைக் காட்பாடி சந்திப்போடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிப் போகும் வண்டிகள், திருப்பதி பக்கம் போகும் வண்டிகள், வேலூர் கண்டோன்மென்ட் வழியாகத் திருவண்ணாமலை, விழுப்புரம் போகும் வண்டிகள் எல்லாமே அங்கே சேர்கின்றன. பிளாட்பாரங்களோ கைவிட்டு எண்ணக்கூடியவை. எந்த வண்டி எந்தப் பாதையில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்பதை வண்டி ஓட்டுபவர் தீர்மானிப்பதில்லை, நிலையம் தீர்மானிக்கிறது. உங்கள் கணினியிலும் பிரவுசர், வேர்டு, அச்சு வேலை, பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ் என்று நூற்றுக்கணக்கான வேலைகள் ஒரு நுண்செயலிக்காகவும் (பிராசசர்) குறிப்பிட்ட அளவு நினைவகத்துக்காகவும் காத்திருக்கின்றன. யாருக்கு எத்தனை மில்லிநொடி, யாருக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், ஒருவர் இடத்துக்குள் இன்னொருவர் நுழையாமல் எப்படித் தடுப்பது என்பதெல்லாம் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் பொறுப்பு. கணினி மெதுவாக இருக்கிறது என்று சொல்லும் பலரிடம் நான் முதலில் கேட்பது, பிரவுசரில் எத்தனை டேப் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். பிளாட்பாரம் நிரம்பிவிட்டால் வண்டி அவுட்டரில் நிற்கத்தான் செய்யும்.

இயங்குதளங்களின் வரலாற்றில் சில ஆண்டுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1973-இல் அதை ரிட்சி உருவாக்கிய சி மொழியில் திருப்பி எழுதியதால், ஒரே இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்காமல் வேறு இயந்திரங்களுக்கும் அதைக் கொண்டுபோக வழி பிறந்தது. 1991-இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸைப் போன்றதொரு கெர்னலைத் தாமே எழுதி வெளியிட்டார், அதுதான் லினக்ஸ். இது நமக்குத் தொடர்பில்லாத சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். விண்டோஸோ 1985-இல் முதன்முதலாக வந்தபோது முழு இயங்குதளம்கூட இல்லை, எம்.எஸ். டாஸ் மேல் போர்த்திய சட்டையாகத்தான் இருந்தது.

இயங்குதளத்துக்கும் அச்சுப்பொறிக்கும் நடுவில் ஒருவர் தேவை. உலகத்தில் ஆயிரக்கணக்கான பிரிண்டர் மாடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தாளை இழுப்பதற்கும் மை தூவுவதற்கும் தனித்தனிக் கட்டளைகளை வைத்திருக்கிறது. அத்தனையையும் விண்டோஸ் தெரிந்து வைத்திருக்க முடியாது. ஆகவே பிரிண்டர் செய்தவரே அதற்கான துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஒருவரையும் சேர்த்து அனுப்புகிறார். அந்தத் துபாஷிதான் டிரைவர், தமிழில் இயக்கி. இயக்கி வேலை செய்வது உங்களுக்காக இல்லை, இயங்குதளத்துக்காக. அதனால் இயங்குதளம் மாறினால் இயக்கியும் மாறியாக வேண்டும். 32 பிட் விண்டோஸுக்காக எழுதிய இயக்கி 64 பிட் விண்டோஸில் ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பிரிண்டர் புதுக் கணினி வாங்கிய அன்றே செத்துவிட்டது என்று பலர் புலம்புவதன் காரணம் இதுதான். பிரிண்டர் சாகவில்லை, அதன் துபாஷிக்குப் புது மொழி தெரியவில்லை. பழைய பிரிண்டர் வாங்குவதற்கு முன், நீங்கள் வைத்திருக்கும் விண்டோஸ் பதிப்புக்கு அதன் இயக்கி தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக் கடையில் நடந்தது இன்னும் என் மனத்தில் உறுத்துகிறது. பில் போடும் பிரிண்டர் நின்றுவிட்டது. வந்த மெக்கானிக் பார்த்தார், வழக்கம்போல “ஓ.எஸ். போடணும்” என்றார், வட்டை ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டார். பிரிண்டர் ஓடியது. இரண்டு ஆண்டு பில் விவரங்களும் சரக்கு இருப்பும் அதே சி டிரைவில் இருந்தன, அவை போய்விட்டன. பிரிண்டரின் இயக்கியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி போட்டிருந்தால் பத்து நிமிட வேலை. இங்கே ஒரு சிறு விளக்கம் வேண்டியிருக்கிறது. பில் போடும் மென்பொருள் வேறு, அதில் நீங்கள் அடித்துச் சேர்த்த விவரங்கள் வேறு. மென்பொருள் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். விவரத்துக்கு இரண்டாம் பிரதி இல்லையென்றால் அது போனது போனதுதான். சுழலும் பழைய வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தாலோ வேகமாக ஃபார்மட் அடித்தாலோ, இயங்குதளம் பொருளடக்கத்தில் உள்ள பெயரைத்தான் அடிக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்துகள் அதன் மேல் வேறெதையாவது எழுதும்வரை அப்படியே கிடக்கும். அந்த மருந்துக் கடையிலும் அந்த நம்பிக்கையில்தான் தேடினோம். ஆனால் அதே இடத்தில் புது விண்டோஸ் குடியேறிவிட்டதால் பாதிதான் கிடைத்தது.

பயனுதவி மென்பொருள் என்று பாடநூலில் வரும் இனம் வீட்டைப் பெருக்கித் துடைப்பவரைப் போன்றது. கோப்புகளைச் சுருக்குவது, வட்டைச் சோதிப்பது, நகல் எடுத்து வைப்பது, வைரஸ் பிடிப்பது ஆகியவை இதில் சேரும். இவற்றில் நகல் எடுப்பதைத் தவிர வேறெதற்கும் நீங்கள் தனியாகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. நகலுக்கும் செலவு ஒரு வெளி வன்தட்டு மட்டும்தான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர், ஜெராக்ஸ் கடையின் ஆன்டிவைரஸ் தேவைக்குப் போதும். ‘கணினியை வேகமாக்கும்’ என்று விளம்பரம் வரும் மென்பொருள்களை உள்ளேயே விடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை வேகத்தைத் தின்பவை. ஆனால் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஊர்ஊராகப் பென் டிரைவ் வந்து நுழையும் ஜெராக்ஸ் கடைக்கு இது மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே பொருந்தும்.

நிரல் எழுதுபவர்களுக்கான மென்பொருள் என்று ஓர் இனம் உண்டு. நாம் எழுதும் சி, பைத்தான் போன்ற மொழிகள் நுண்செயலிக்குப் புரியாது. அவற்றை அதன் எண்மொழிக்கு மாற்றித் தருபவை இவை. முழு நிரலையும் ஒரே மூச்சில் மாற்றி வைப்பது தொகுப்பான், ஓட ஓட மாற்றுவது வரிமொழிமாற்றி. கிரேஸ் ஹாப்பர் 1952-இல் செய்த ஏ-0 இந்த வழியில் முதல் அடி, ஐ.பி.எம். 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் அதை நிலைநிறுத்தியது. உங்கள் கடைக்கு இது வேண்டாம்; மகளுக்கு வேண்டும்.

இப்போதுதான் நமக்கு நேராக வேலை செய்யும் அடுக்குக்கு வருகிறோம். கடிதம் அடிக்கும் வேர்டு, கணக்குப் போடும் எக்செல், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், வியாபாரக் கணக்கு எழுதும் டேலி, பிரவுசர், போனில் உள்ள ஒவ்வொரு ஆப் ஆகிய எல்லாமே பயன்பாட்டு மென்பொருள். செயலி என்ற சொல் இப்போது ஆப் என்பதற்கும் வழங்குகிறது, கணினிக்குள் இருக்கும் சில்லுக்கும் வழங்குகிறது. வாக்கியத்தைப் பார்த்துத்தான் எது என்று கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் எக்செல்லைப் போன்ற விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்தபோது, அந்த ஒன்றுக்காகவே வியாபாரிகள் ஆப்பிள் கணினியை வாங்கினார்கள். வன்பொருளை விற்பது மென்பொருள்தான் என்று அப்போது தெரிந்தது.

பயன்பாட்டு மென்பொருளை அடையாளம் காண ஓர் எளிய சோதனை உண்டு. மனிதரின் சட்டமோ பழக்கமோ மாறினால் எது மாற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. விண்டோஸுக்கு அது தெரியவே தெரியாது; பிரிண்டர் இயக்கிக்கும் தெரியாது. 1986-இல் பெங்களூரில் பிறந்த டேலியும், கடைகளுக்கென்று தனியாக எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள்களும்தான் அடிமுதல் நுனிவரை மாற வேண்டியிருந்தன. 2019-இல் நம் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானபோதும் அப்படித்தான். ஆம்பூர் வியாபாரியின் பில் தலைப்பில் மாவட்டத்தின் பெயர் மாறியது, கெர்னலில் ஒரு வரிகூட மாறவில்லை.

பொதுவாக எல்லோருக்கும் செய்து விற்பது, ஒருவருக்கென்று அளவெடுத்துத் தைப்பது என்று இதிலும் இரண்டு உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளில் தோலில் வெட்ட வேண்டிய துண்டுகளைத் திரையிலேயே வரைந்து, ஒரு தோலில் எத்தனை துண்டு வீணாகாமல் அமையும் என்று அடுக்கிப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை அந்தத் தொழிலுக்கு வெளியே யாருக்கும் பயன்படா. தோல் துணியைப் போலச் சீராக இருக்காது, ஒவ்வொன்றும் ஒரு வடிவம், நடுவே தழும்பும் துளையும் இருக்கும் என்பதால் இந்த அடுக்கல் மனிதக் கண்ணுக்கே சிரமமான வேலை.

அமைப்பு மென்பொருள், பயன்பாட்டு மென்பொருள் என்ற இரு வகைக்கும் நடுவில், பாடநூலின் எந்தப் பெட்டியிலும் சரியாக அடங்காத ஒன்று இருக்கிறது. அதுதான் தரவுத்தளம். பெரிய மருத்துவமனையில் உங்கள் எண்ணைச் சொன்னவுடன் போன வருடத்து ரத்தப் பரிசோதனை திரையில் வருகிறது என்றால், திரையில் தெரியும் மென்பொருள் தன் பின்னால் இருக்கும் தரவுத்தள மென்பொருளைக் கேட்டு வாங்கித்தான் காட்டுகிறது. விவரங்களை அட்டவணைகளாக வைத்து ஒன்றோடொன்று தொடுக்கும் முறையை எட்கர் காட் 1970-இல் எழுதினார். இன்றும் வங்கி, மருத்துவமனைத் தரவுத்தளங்களில் பெரும்பாலும் நிற்பது அந்த முறைதான். தரவுத்தளம் மனிதருக்கு நேராக வேலை செய்வதில்லை, மின்சுற்றுக்கும் வேலை செய்வதில்லை; மற்ற மென்பொருள்களுக்கு வேலை செய்கிறது. அதேபோல உங்கள் கடையில் ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போது உங்கள் கணினியில் ஓடுவது பிரவுசர் மட்டுமே. இருக்கை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் மென்பொருள் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது. தட்கல் நேரத்தில் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் உங்கள் கணினியின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

தமிழ் ஃபான்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டி.டி.பி. கடைக்கு இதுதான் அன்றாடத் தலைவலி என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். ஒருவர் பென் டிரைவில் மனு ஒன்றைக் கொண்டுவருகிறார். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை. அதில் ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் இருந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்தக் கோப்புக்குள் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளின் எண்கள்தாம் இருக்கின்றன. பாமினி எழுத்துரு, ஜே என்ற எண் வந்தால் ‘த’ படத்தைக் காட்டு, கே வந்தால் ‘ம’ படத்தைக் காட்டு என்று வேடம் போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடுகிறது. வேறு ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அதே ‘த’ வேறோர் எண்ணில் இருக்கும். ஆகவே ஒருவர் அடித்தது இன்னொருவரிடம் திறக்காது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் முறையான யூனிகோடில் இந்த வேடம் இல்லை. தமிழுக்கென்றே எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ‘தமிழ்’ என்று அடித்தால் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள் பதிவாகின்றன. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. எந்த நாட்டில், எந்தக் கணினியில், எந்த யூனிகோடு எழுத்துருவில் திறந்தாலும் அந்த எண்கள் தமிழாகவே தெரியும். ‘கெ’ என்று அடிக்கும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. கோப்பில் முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் எண்கள் இருக்கும். கொம்பைக் கொண்டுபோய் இடப்பக்கம் வைத்துத் திரையில் காட்டுவது இயங்குதளமோ பயன்பாட்டு மென்பொருளோ வைத்திருக்கும் எழுத்தமைப்புப் பகுதி. ஆக, உங்கள் சீட்டில் ‘தமிழ் ஃபான்ட்’ என்று ஒரே சொல்லாக இருப்பது உண்மையில் மூன்று: நீங்கள் தட்டும் விசையைத் தமிழ் எண்ணாக மாற்றும் விசைப்பலகை மென்பொருள், அந்த எண்களைச் சரியாகக் கோக்கும் அமைப்பு, எழுத்தின் உருவத்தைத் தரும் எழுத்துரு. எழுத்துரு இவற்றில் கடைசி.

தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. விசைப்பலகைக்கு 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 இருக்கிறது. பழைய தட்டச்சு முறை பழகியவர்கள் அதிலேயே அடித்தும் யூனிகோடாகப் பதிவு செய்யலாம். பிறகு ஏன் லாங்கு பஜார் பக்கம் அச்சுக்கூடங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன என்று கேட்டால், பேஜ்மேக்கர் ஒரு காரணம். 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. யூனிகோடு தமிழை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகளாக நிற்கும். கை பழகிய மென்பொருளை விட மனம் வராமல், அந்த ஒன்றுக்காகப் பழைய விண்டோஸையும் பழைய எழுத்துருக்களையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். நீங்கள் புதிதாகத் தொடங்குவதால் அந்தச் சுமையை ஏற்றிக்கொள்ள வேண்டாம். அரசு அலுவலகங்களுக்குப் போகும் மனு, விண்ணப்பம் எல்லாவற்றையும் யூனிகோடிலேயே அடியுங்கள். பாமினியில் வரும் கோப்புகளை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எதைக் காசு கொடுத்து வாங்குவது என்ற கேள்வி, வகையைப் பற்றியதே இல்லை, உரிமத்தைப் பற்றியது. 1969-இல் ஐ.பி.எம். மென்பொருளுக்குத் தனி விலை வைக்க முடிவு செய்யும்வரை அது பெரும்பாலும் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. விலை வந்தவுடன் பூட்டும் வந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அதன் மென்பொருளைத் திருத்த நினைத்தார். நிரலர் எழுதிய வடிவிலேயே இருக்கும் மூல நிரலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-இல், யாரும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள்களை உருவாக்கும் குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். தாள் சிக்குவது என்னவென்று தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு அவருடைய கோபம் நன்றாகவே புரியும். இலவசம் என்பதும் கட்டற்றது என்பதும் வேறுவேறு. காசில்லாமல் கிடைத்தாலும் உள்ளே பார்க்கவோ திருத்தவோ முடியாதவை இலவச மென்பொருள்கள். மூல நிரலோடு வந்து, திருத்தவும் பகிரவும் உரிமை தருபவை கட்டற்ற மென்பொருள்கள்.

உங்கள் சீட்டுக்கு வருகிறேன். விண்டோஸை உரிமத்தோடு வாங்குங்கள். கணினி வாங்கும்போதே பில்லில் அது தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் 11 ஓடும் கணினியாக எடுப்பது நல்லது. ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் கட்டற்றது, விலையில்லாதது, தமிழ் யூனிகோடு நன்றாக வரும். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்டு கோப்புகளில் பக்கங்கள் சில நேரம் நகர்ந்துபோகும் என்பதால், வேலை பெருகிய பிறகு ஒரு கணினிக்கு மட்டும் ஆபீஸ் வாங்கலாம். டிரைவர் பிரிண்டரோடு வருவது. அதற்கு யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆன்டிவைரஸ் தனியாக வாங்கத் தேவையில்லை என்று முன்பே சொன்னேன். ஜெராக்ஸ் கடைக்கு டேலி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை; உங்கள் வரவு செலவுக்கு ஒரு விரிதாள் போதும். தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் விண்டோஸிலேயே இருக்கின்றன, அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும்.

அடுத்த முறை மெக்கானிக் வந்து “ஓ.எஸ். போடணும்” என்றால், எந்த வேலை நின்றிருக்கிறது, அதே வேலை வேறு மென்பொருளில் நடக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். வேர்டில் அச்சு வராமல் நோட்பேடில் வந்தால் குறை வேர்டில். இரண்டிலும் வராமல், பிரிண்டரின் சோதனைப் பக்கம் அதன் பொத்தானை அழுத்தினால் வருகிறது என்றால் குறை கேபிளிலோ இயக்கியிலோ. அந்தப் பக்கமும் வரவில்லை என்றால் கணினியைத் தொடவே வேண்டாம், பிரிண்டரைப் பாருங்கள். எல்லாம் பார்த்தும் ஃபார்மட்தான் அடிக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், சி டிரைவில், குறிப்பாக டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடக்கும் கோப்புகளை வெளி வன்தட்டில் ஏற்றி, அதை உங்கள் கையால் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, பிறகு அவரைக் கீபோர்டின் முன் உட்காரச் சொல்லுங்கள்.